குறைந்த பணத்தில் கத்தி செய்யத் தொடங்க எந்த வழி நல்லது?

கத்தி செய்யும் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது இயந்திரத்தைத்தான். உப்புத்தாள் பெல்ட் சுழன்று தேய்க்கும் பெரிய பெல்ட் கிரைண்டர், எரிவாயு உலை, பட்டடைக்கல், டிரில் என்று பட்டியல் நீளும். கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். 'இதெல்லாம் நமக்கு ஆகாது' என்று அத்தோடு ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் போடுவது, எதில் போடாமல் இருப்பது என்று குழம்பும் அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணங்களைப் பார்க்கலாம். இயந்திரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம். எஃகிலும், அந்த எஃகைக் கடினமாக்கக் கொடுக்கும் சூட்டிலும் பிடிக்கக் கூடாது. கையால் தேய்த்தால் வேலை மெதுவாகும், அவ்வளவுதான். எஃகோ சூடோ தப்பிப் போனால், எவ்வளவு அழகாகத் தேய்த்திருந்தாலும் கையில் மிஞ்சுவது கத்தி வடிவத்தில் ஒரு இரும்புத் துண்டு.

அடித்துச் செய்வதா, தேய்த்துச் செய்வதா

எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சுத்தியலால் அடித்து வடிவத்துக்குக் கொண்டுவருவது ஒரு வழி. தயாராகக் கிடைக்கும் எஃகுப் பட்டையிலிருந்து வேண்டாததை வெட்டி, தேய்த்து எடுத்துவிட்டுக் கத்தியை மட்டும் மிச்சம் வைப்பது இன்னொரு வழி. உலையும் சம்மட்டியும்தான் உண்மையான கத்தி வேலை, தேய்த்துச் செய்வது குறுக்கு வழி என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். 20ஆம் நூற்றாண்டின் பெரிய கத்திக் கலைஞர்களில் ஒருவர் என்று மதிக்கப்படும் பாப் லவ்லெஸ் தன் பெயரை நிலைநாட்டியது தேய்த்துச் செய்த கத்திகளால்தான். அதே காலத்தில் பில் மோரன் அடித்துச் செய்யும் முறைக்கு மறுவாழ்வு கொடுத்து, 1976இல் அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டி என்ற அமைப்பைத் தொடங்கினார். இரண்டு வழியிலும் உயர்ந்த கத்திகள் பிறந்திருக்கின்றன.

அந்த அமைப்பின் முதல்நிலைத் தேர்வைப் பாருங்கள். தொங்கவிட்ட கயிற்றைக் கத்தி ஒரே வீச்சில் துண்டாக்க வேண்டும். அப்புறம் மரச்சட்டங்களை வெட்டிப் பிளக்க வேண்டும். அதன் பிறகும் கையில் உள்ள முடியை மழிக்கும் கூர்மை இருக்க வேண்டும். கடைசியில் அதே கத்தியை வைஸில் பிடித்து 90 டிகிரி வளைத்தாலும் அது இரண்டாக உடையக் கூடாது. அடித்துச் செய்பவர்கள் நடத்தும் இந்தத் தேர்வு சோதிப்பது எதை? வாய், அதாவது வெட்டும் ஓரம், எவ்வளவு மெல்லியதாக இறங்கியிருக்கிறது, சூடு எவ்வளவு சரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான். இன்றைக்கு ஆலையிலிருந்து வரும் எஃகு ஏற்கெனவே நன்றாக உருட்டப்பட்டு, உள்ளே சீராகத்தான் இருக்கிறது. நாம் அடிப்பதால் அது மேலும் வலுவாகிவிடாது.

பணக் கணக்குக்கு வருவோம். அடித்துச் செய்ய உலை, பட்டடைக்கல், சுத்தியல், குறடு எல்லாம் வேண்டும். அடித்து முடித்ததும் கத்தி தயாராகிவிடுமா என்றால், இல்லை. அதற்கப்புறமும் தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கான கருவிகளோடு அடிப்பதற்கான கருவிகளும் சேர்கின்றன, செலவு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. போதாக்குறைக்குச் சத்தம், புகை, அக்கம்பக்கத்தாரின் பொறுமை என்று பணத்தில் அடங்காத செலவுகளும் உண்டு. எஃகு மிச்சமாகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஒரு சின்னக் கத்திக்கு ஆகும் எஃகு மொத்தச் செலவில் சொற்பம்.

நெருப்பில் பழுத்த இரும்பை அடித்து வளைப்பதுதான் உங்களை இந்தப் பக்கம் இழுத்தது என்றால் கணக்குப் பார்க்காமல் அதையே செய்யுங்கள். அந்த ஆசையைத் தள்ளிப்போட்டால் அரத்தின் முன்னால் அலுத்துப்போய்விடும். அதற்கும் மலிவான வழி இருக்கிறது. கடையில் விற்கும் வார்ப்பிரும்புப் பட்டடைக்கல்லை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பார்க்கப் பட்டடை மாதிரியே இருக்கும், ஆனால் முகம் மென்மையாக இருப்பதால் சுத்தியல் பட்டதும் பள்ளம் விழும், ஓரம் உடைந்து தெறிக்கும். பெரிய சம்மட்டியின் தலையைக் கனமான மரக்கட்டையில் பதித்தாலே முதல் பட்டடை தயார். தண்டவாளத் துண்டு கிடைத்தால் அதைப் படுக்க வைக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். அடி விழும் இடத்துக்கு நேர்கீழே எவ்வளவு எடை இருக்கிறதோ அவ்வளவு நன்றாக அடி இறங்கும்.

தயாரான அலகை வாங்கிப் பிடி மட்டும் போடுவது மூன்றாவது வழி. மர வேலை பிடித்தவர்களுக்கு நல்ல தொடக்கம், ஒரு வார இறுதியில் பயன்படுத்தக்கூடிய கத்தி கிடைத்துவிடும். ஆனால் கத்தி செய்யக் கற்றுக்கொண்டதாக ஆகாது. மற்றவர்களுக்கு என் பரிந்துரை தேய்த்துச் செய்வதுதான்.

பழைய இரும்பா, பெயர் தெரிந்த எஃகா

சிக்கனம் என்றதும் பலரும் சொல்வது: "பழைய ஸ்பிரிங் பட்டை கிடக்கிறதே, அதில் செய்." செலவே இல்லாத எஃகு என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. முதல் கத்திக்கு நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கத்திக்கு எஃகில் போதுமான கரிமம் வேண்டும். சாதாரண இரும்புப் பட்டையில் கால் சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு சூடாக்கி எண்ணெயில் முக்கினாலும் அது கத்திக்கு வேண்டிய கடினத்தை எட்டாது. கட்டுமானக் கம்பியும் தண்டவாள ஆணியும் இதே கதைதான். வண்டி ஸ்பிரிங் பட்டையில் கரிமம் போதுமான அளவு இருக்கும். பல ஸ்பிரிங்குகள் 5160 என்ற வகை எஃகு, அதில் சுமார் 0.6 சதவீதம் கரிமமும் கொஞ்சம் குரோமியமும் உண்டு. ஆனால் எல்லா ஸ்பிரிங்கும் 5160 இல்லை. உங்கள் கையில் இருப்பது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. வருடக்கணக்கில் சுமை தாங்கியதில் உள்ளே மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம், எண்ணெயில் முக்கிய பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். அதோடு வளைந்தும் தடித்தும் இருக்கும். நிமிர்த்தி, அரத்தால் பாதி தடிமனைத் தேய்த்து எடுப்பதற்குள் கை விட்டுப்போகும். உலை வைத்து அடிப்பவர்களுக்கு இது நல்ல பொருள், அரத்தை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு இல்லை.

பழைய அரத்தில் கத்தி செய்வது பரவாயில்லாத யோசனை. நல்ல அரத்தில் 1 சதவீதத்துக்கு மேல் கரிமம் இருக்கும். உலையே இல்லாமல் கத்தி செய்யவும் இது ஒரு வழி. அரம் ஏற்கெனவே முழுக் கடினத்தில் இருக்கிறது, 200 முதல் 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு தடவை வைத்து எடுத்தால் கத்திக்கு ஏற்ற அளவுக்கு இறங்கும். பிறகு வடிவத்துக்குத் தேய்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடினத்தில் இருப்பதை இன்னொரு அரத்தால் தேய்க்க முடியாது, சாணைதான் வேண்டும். சூடேற விடாமல் தண்ணீரில் முக்கி முக்கித் தேய்க்க வேண்டும். மலிவான அரங்கள் சிலவற்றில் மேல்தோல் மட்டுமே கடினம், உள்ளே சாதாரண இரும்பு. நுனியை வைஸில் பிடித்து, தடித்த துணி போர்த்தி உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் ஓரத்திலிருந்து நடு வரை ஒரே மாதிரி இருந்தால் சரி, ஓரம் ஒரு விதமும் நடு வேறு விதமுமாகத் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

பெயர் தெரிந்த எஃகு வாங்கினால் கிடைக்கும் பெரிய லாபம், எத்தனை டிகிரி, எந்த எண்ணெய், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிவது. அதிலும் எது? தொடங்குபவர்களுக்கு 1084 என்ற வகை எஃகுதான், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அதில் சுமார் 0.8 முதல் 0.9 சதவீதம் கரிமம், கூடவே போதுமான மாங்கனீசு. எளிய உலையில் கண்ணால் பார்த்துச் சூடாக்கி, வெதுவெதுப்பான சமையல் எண்ணெயில் முக்கினாலே நன்றாகக் கடினமாகும். 1075, 1080, 80சிஆர்வி2 ஆகியவையும் கிட்டத்தட்ட இதே அளவுக்கு ஒத்துழைக்கும், எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

1095 என்ற பெயர் கத்திக்காரர்கள் வாயில் அதிகம் அடிபடும். எண் பெரிதாக இருப்பதால் அதுதான் உசத்தி என்று நினைத்து வாங்குபவர்கள் நிறைய. அதில் கரிமம் கூட, மாங்கனீசு குறைவு. சூட்டிலிருந்து எடுத்த ஒரு நொடிக்குள் 540 டிகிரிக்குக் கீழே அதை இறக்கியாக வேண்டும். சமையல் எண்ணெய் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறும், அதற்கென்றே விற்கும் வேகமான எண்ணெய் வேண்டியிருக்கும். ஓ1 என்ற கருவி எஃகுக்கு எண்ணெயில் அவசரமில்லை, ஆனால் சுமார் 800 டிகிரியில் ஏறாமல் இறங்காமல் பத்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைக்க வேண்டும். கைவேலை உலையில் அது நடக்காத காரியம். துருப்பிடிக்காத எஃகு இன்னும் தூரம், 1000 டிகிரியைத் தாண்டிய சூட்டைக் கருவியால் கட்டுப்படுத்த வேண்டும். அது பிறகு.

தடிமன் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் போதும். ஐந்து மில்லிமீட்டர் பட்டை கம்பீரமாகத் தெரியும், ஆனால் வெட்டும்போது ஆப்பு மாதிரி சிக்கும், கையால் தேய்ப்பதும் பெரும்பாடு.

அரம், ஆங்கிள் கிரைண்டர், சின்ன பெல்ட், பெரிய பெல்ட்

பணம் அதிகம் கரையும் இடம் இதுதான்.

முழுக்க முழுக்க அரத்தால் கத்தி செய்ய முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் நிறைய. தாராளமாக முடியும். வேண்டியது ஒரு பெரிய தட்டை அரம், அதைவிட நைசான இன்னொன்று, கைப்பிடி வளைவுகளுக்கு ஒரு அரைவட்ட அரம், ஹேக்ஸா, ஒரு டிரில், பட்டையை இறுக்கிப் பிடிக்க சி கிளாம்ப் அல்லது வைஸ். உப்புத்தாள் கணிசமாகச் செலவாகும்.

மலிவான அரம் வாங்கக் கூடாது. பல் சீக்கிரம் மழுங்கும், மழுங்கிய அரத்தோடு போராடிவிட்டுத் தனக்குக் கைவேலை வராது என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். புதுப் பட்டையில் கறுப்பாக ஒரு தோல் இருந்தால் அரத்தை அதன்மேல் வைக்காதீர்கள். ஆலையில் சூட்டோடு உருட்டும்போது படிந்த அந்தத் தோல் நல்ல அரத்தையும் சீக்கிரம் மழுக்கிவிடும். பட்டையை ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டால் தோல் இளகிவிடும், காலையில் தேய்த்துக் கழுவினால் சாம்பல் நிறத்தில் வெற்று எஃகு தெரியும். அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், பின்னால் இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். பல்லில் சாக்பீஸ் தடவினால் துகள் அடைக்காது.

வாய்ச் சரிவை, அதாவது வாயை நோக்கிப் பட்டை மெலிந்து இறங்கும் பக்கங்களை, தேய்ப்பதுதான் கத்தியிலேயே நுணுக்கமான கட்டம். வாய் வரப்போகும் ஓரத்தை மார்க்கர் மையால் கறுப்பாக்கிக்கொள்ளுங்கள். பட்டையின் தடிமனே உள்ள டிரில் பிட் ஒன்றைப் பட்டையோடு சேர்த்துத் தட்டையான தரையில் வைத்து, அதன் கூரால் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தால் சரியாக நடுவில் விழும். பட்டையைத் திருப்பிப் போட்டு இன்னொரு கோடு. இரண்டும் நடுவில் ஒன்றாக விழுந்தால் நல்லது, மயிரிழை விலகினாலும் நடு எது என்று தெரிந்துவிடும். இப்போது தேய்க்கத் தொடங்கினால் அரம் படும் இடம் வெள்ளையாகப் பளபளக்கும், படாத இடம் கறுப்பாகவே நிற்கும். கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அந்தக் கறுப்பே சொல்லிவிடும். சரிவு ஓரளவு வந்த பிறகு அரத்தைக் கத்திக்குக் குறுக்காக இரு கையாலும் பிடித்து, நீளவாக்கில் தள்ளினால் மேடுபள்ளம் எல்லாம் ஒரே தளமாகும். கையின் மேல் நம்பிக்கை வராவிட்டால், அரத்தை ஒரு நீளக் கம்பியோடு இணைத்து, அந்தக் கம்பியை வளைய ஆணி ஒன்றின் வழியாக விட்டுச் சாய்வை மாறாமல் வைக்கும் சின்ன அமைப்பைச் செய்துகொள்ளலாம். பலகையும் நாலைந்து உதிரிகளும் போதும்.

வாயைக் கூராகும்வரை தேய்த்துவிடக் கூடாது. சூடு கொடுக்கும் முன் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன் விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் எண்ணெயில் முக்கும்போது வாய் நெளியும். பிடிக்கான துளைகளையும் இப்போதே போட்டுவிட வேண்டும், கடினமான பிறகு டிரில் பிட் ஏறாது.

அரத்தால் என்ன இழக்கிறீர்கள்? நேரம், கொஞ்சம் தோள்வலி. என்ன கிடைக்கிறது? தப்பு மெதுவாகத்தான் நடக்கும், நடக்கும்போதே திருத்தலாம். பெல்ட்டில் ஒரு கணம் கை சாய்ந்தால் நடுக்கோடு போயே போய்விடும்.

ஆங்கிள் கிரைண்டர் பலரிடமும் ஏற்கெனவே இருக்கும். பட்டையை வெட்டவும், வெளி வடிவத்தை ஒதுக்கவும் அருமையான கருவி, ஹேக்ஸா வேலையைப் பத்தில் ஒன்றாக்கிவிடும். சரிவு தேய்க்க மட்டும் நம்ப வேண்டாம். முடிகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்தக் கை வர நாளாகும். காப்புத் தகடு இல்லாமல் அதை ஓட்டவே கூடாது.

சின்ன பெல்ட் இயந்திரம், அதாவது ஒரு அங்குல அகலமும் முப்பது அங்குல நீளமும் உள்ள பெல்ட் ஓடுவது, சபலத்தைக் கிளப்பும் பொருள். கைக்கு எட்டும் விலையில் உண்மையான பெல்ட் இயந்திரம் அல்லவா! பிடியை உருட்டவும், கத்தியைக் கூராக்கவும் நன்றாக உதவும். ஆனால் மோட்டார் சிறியது. சரிவு எடுக்க அழுத்தினால் நின்றுவிடும், அழுத்தாவிட்டால் பெல்ட் வெட்டாமல் வெறுமனே உரசிச் சூடாக்கும். நல்ல செராமிக் பெல்ட்டுகள் அழுத்தத்தில்தான் புதுப் பல் காட்டும், இதில் அந்த அழுத்தம் கிடைக்காது. அரத்தையும் இதையும் சேர்த்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இது மட்டுமே போதும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

இரண்டு அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் கொண்ட பெல்ட் ஓடும் பெரிய கிரைண்டர்தான் இந்தத் தொழிலின் அடையாளம். இரண்டு குதிரைத்திறன் மோட்டாரோடு அது ஓடினால், அரத்தால் நாள் முழுக்க ஆகும் வேலை நிமிடங்களில் முடியும். அதன் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பெல்ட் தேய்ந்துகொண்டே இருக்கும். மழுங்கிய பெல்ட்டை விடாமல் ஓட்டினால் எஃகு சூடாகி நீலம் பாயும், அதனால் மாற்றத்தான் வேண்டும். இயந்திரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறோம், பெல்ட்டுக்குக் கடைசிவரை கொடுக்கிறோம். கையிருப்பை எல்லாம் இயந்திரத்தில் போட்டுவிட்டு பெல்ட் வாங்கக் காசில்லாமல் நிற்பதைவிட, அரத்தோடு நிம்மதியாக இருக்கலாம். பக்கத்தில் பொதுப் பட்டறையோ பயிற்சி வகுப்போ இருந்தால் அங்கே ஒரு நாள் பெரிய பெல்ட்டில் கை வைத்துப் பாருங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

சூடு: நீங்களே கொடுப்பதா, அனுப்பி வாங்குவதா

கத்தி பிறப்பது இந்தக் கட்டத்தில்தான். அதுவரை இருப்பது எளிதில் தேயும் மென்மையான எஃகு.

கூலிக்குச் சூடு கொடுத்துத் தரும் இடங்களுக்கு அனுப்பினால், கட்டுப்படுத்திய உலையில் சரியாகச் செய்து, கடினத்தை அளந்தும் தருவார்கள். துருப்பிடிக்காத எஃகில்தான் கத்தி வேண்டும் என்றால் தொடங்குபவருக்கு வேறு வழியே இல்லை, அனுப்பத்தான் வேண்டும். ஆனால் ஒரே ஒரு அலகுக்கு அனுப்பும் செலவும் குறைந்தபட்சக் கட்டணமும் சேர்ந்தால் கையைக் கடிக்கும். பத்து அலகு சேர்த்து அனுப்பினால் கட்டுப்படியாகும். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

1084 என்றால் நீங்களே செய்யலாம், செய்யவும் வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு சின்ன உலை. எடை குறைந்த, சூடு தாங்கும் செங்கல் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் குடைந்து ஒரு குழாய்போல வழி செய்து, பக்கத்திலிருந்து எரிவாயு டார்ச்சை உள்ளே விட்டால் சின்னக் கத்திக்குப் போதும். சாதாரணச் சுவர்ச் செங்கல் உதவாது, வெடிக்கும். எரிவாயு டார்ச் வேண்டாம் என்றால் கரியும் காற்று ஊதும் பழைய ஹேர் டிரையரும் போதும், துருத்தியின் வேலையை அது பார்த்துக்கொள்ளும். கரியில் சூடு ஒரே சீராக இருக்காது, நுனி சட்டென்று உருகும் அளவுக்குப் போய்விடும். கத்தியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருங்கள். இரண்டில் எது என்றால் நான் செங்கல்லுக்கே ஓட்டுப் போடுவேன்.

எத்தனை டிகிரி என்று அளக்கக் கருவி இல்லையே? காந்தம் இருக்கிறது. எஃகு சுமார் 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். 1084க்கு வேண்டியது சுமார் 815 டிகிரி, அதாவது காந்தம் ஒட்டாமல் போன பிறகு இன்னும் ஒரு சாயல் கூடுதல் சிவப்பு. வெளிச்சத்தில் இந்தச் சிவப்பு தெரியாது, அதனால் நிழலிலோ அந்தியிலோ செய்யுங்கள். இருட்டில் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சூடு ஏறிவரும்போது எஃகின் மேல் மங்கலான நிழல்கள் அலையும். எஃகின் உள்கட்டமைப்பு மாறுவதால் சூட்டை அது உறிஞ்சிக்கொள்கிறது, அதுதான் அந்த நிழல். அலகு முழுக்க நிழல் ஓடி மறைந்து, ஒரே நிறமாக ஆனபின் கொஞ்ச நேரம் விட்டு எடுத்தால் கணக்குச் சரியாக இருக்கும். இதை முதன்முதலாகக் கண்ணால் பார்க்கும் கணத்துக்காகவே உலை மூட்டலாம்.

ஏற வேண்டியதற்கு மேல் ஏறவும் கூடாது. மஞ்சளாகும்வரை காய்ச்சினால் எஃகின் உள்மணிகள் பெருத்துவிடும். அப்படிப்பட்ட கத்தியை உடைத்தால் உடைந்த முகம் சர்க்கரையைக் கொட்டியதுபோல் மினுமினுக்கும். சரியாகச் செய்ததில் மங்கிய சாம்பல் நிறமாக, மணி தெரியாமல் இருக்கும். பட்டையின் ஓரத்தில் வெட்டிய துண்டு ஒன்றை இப்படி முக்கி உடைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கத்தியை உலையில் வையுங்கள். காசில்லாமல் கிடைக்கும் பரிசோதனை இது.

பழுத்த எஃகை முக்கிச் சட்டென்று ஆறவைக்கும் தோய்ச்சலுக்கு எண்ணெய்தான். தண்ணீரில் முக்கினால் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கலாம், அது விரிசல் விட்ட சத்தம். பழைய என்ஜின் ஆயிலைப் பயன்படுத்தச் சொல்பவர்கள் உண்டு. அதில் கிளம்பும் புகையில் மூச்சுக்குள் போகக் கூடாதவை எல்லாம் இருக்கும், வேண்டாம். கனோலா மாதிரியான தாவர எண்ணெய் மூன்று நான்கு லிட்டர், உயரமான தகர டப்பாவில், 50 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக. வெதுவெதுப்பான எண்ணெய் இளகி ஓடுவதால் குளிர்ந்ததைவிட வேகமாகச் சூட்டை வாங்கும். அலகை நேராக உள்ளே விட்டு, வாயும் முதுகும் இருக்கும் திசையில் மட்டும் மேலும் கீழும் அசையுங்கள், பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். பக்கத்திலேயே டப்பாவை மூடுவதற்கு ஒரு தகட்டு மூடி இருக்கட்டும். எண்ணெய் பற்றிக்கொண்டால் மூடிவிட்டால் அணைந்துவிடும். அதன்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வெளியே எடுத்ததும் வாயில் அரத்தை வைத்துப் பாருங்கள். கடிக்காமல் கண்ணாடிமேல் ஓடுவதுபோல் வழுக்கினால் ஏறிவிட்டது. லேசாகக் கடித்தால் பதற வேண்டாம், மேல்தோலில் கரிமம் எரிந்துபோயிருக்கலாம். இரண்டு மூன்று தேய்ப்பு தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இப்போது அலகு கீழே விழுந்தாலே உடைந்துவிடும் நிலையில் இருக்கிறது. தள்ளிப்போடாமல் அடுத்தது டெம்பரிங், அதாவது அந்த நொறுங்கும் குணம் போக மிதமான சூட்டில் வைப்பது: 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். 1084 இதில் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவுகோலில் 60க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், சின்னக் கத்திக்கு அருமையான இடம். வீட்டு ஓவன் போதும், ஆனால் அதன் திருகில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள், அலகை மணல் நிரப்பிய தட்டில் புதைத்து வைத்தால் சூட்டின் ஏற்ற இறக்கம் அதைத் தாக்காது. பளபளப்பாகத் தேய்த்த இடத்தில் வைக்கோல் நிறம் படரும், அது சரியான அறிகுறி. இதற்குப் பிறகு வாயைத் தேய்க்கும்போதெல்லாம் வெறுங்கையால் பிடியுங்கள். விரலுக்குச் சுட்டால் தண்ணீரில் முக்குங்கள். வாயில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள்.

பிடியும் பாதுகாப்பும்

பிடியில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். நன்றாகக் காய்ந்த கடின மரத் துண்டு இரண்டு, பித்தளைக் கம்பியில் வெட்டிய ஆணிகள், எபாக்ஸி பசை, இவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸியைவிட 24 மணி நேரம் எடுப்பது உறுதியாக நிற்கும். மரமும் வேண்டாம் என்றால் பழைய துணியை அடுக்கடுக்காக எபாக்ஸியில் தோய்த்து இறுக்கி வைத்தால் கல்போன்ற பிடிப் பலகை கிடைக்கும். வெறும் கயிறு சுற்றினாலும் கத்தி கத்திதான்.

முகமூடியிலும் கண்ணாடியிலும் ஒரு காசு குறைக்கக் கூடாது. சாதாரணத் துணி முகமூடி எஃகுத் தூளையும் மரத்தூளையும் தடுக்காது, வடிகட்டி மாற்றும் வகை வேண்டும். சில வெளிநாட்டுக் கடின மரங்களின் தூள் ஒவ்வாமையைக் கிளப்பும். துத்தநாகம் பூசிய இரும்பு எதையும் உலையில் வைக்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு. உலையை மூடிய அறையில் மூட்டாதீர்கள், கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைச் சாய்க்கும். சுழலும் இயந்திரத்தின் முன்னால் கையுறை வேண்டாம், பிடித்து இழுத்துக்கொள்ளும். மெருகேற்றும் சக்கரத்தை முதல் வருடம் வாங்கவே வேண்டாம் என்பேன். கத்தியைப் பிடுங்கி நம்மேலேயே எறியும் குணம் அதற்கு உண்டு. உப்புத்தாளால் கையில் மெருகேற்றுவதே அழகாகவும் இருக்கும்.

எந்த வரிசையில் வாங்குவது

முதலில் பாதுகாப்புப் பொருட்கள், 1084 பட்டை ஒன்று, நல்ல அரங்கள், உப்புத்தாள். அலகு நீளம் 75 முதல் 90 மில்லிமீட்டருக்குள் இருக்கும் சின்னக் கத்தி ஒன்றை வரைந்து தேய்க்கத் தொடங்குங்கள். நீளமான கத்தி எண்ணெயில் வளையும், செங்கல் உலைக்குள் நுழையவும் நுழையாது. தேய்த்து முடிக்கும்வரை செங்கல்லும் டார்ச்சும் வாங்க வேண்டியதில்லை. பலர் உலையை வாங்கிவிட்டு அதில் வைக்க அலகில்லாமல் இருக்கிறார்கள். ஒரே பட்டையில் இரண்டு மூன்று அலகை வெட்டித் தேய்த்து வைத்துக்கொண்டு ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் சூடு கொடுத்தால் எரிவாயுவும் மிச்சம்.

சில கத்திகள் ஆன பிறகு கையில் மறுபடி பணம் சேரும்போது, பெரிய கிரைண்டரா, சூட்டைக் கட்டுப்படுத்தும் மின் உலையா என்ற கேள்வி வரும். பெரும்பாலோர் கிரைண்டர் பக்கம் சாய்வார்கள். நான் மின் உலைப் பக்கம். கிரைண்டர் நேரத்தை மிச்சப்படுத்தும், ஏற்கெனவே செய்வதையே வேகமாகச் செய்ய வைக்கும். மின் உலை வந்தால் ஓ1, துருப்பிடிக்காத எஃகு என்று இதுவரை பூட்டிக் கிடந்த எஃகுகள் எல்லாம் திறக்கும், டெம்பரிங்கும் அதிலேயே ஆகும். 1084லேயே திருப்தி, தோள்தான் ஒத்துழைக்கவில்லை என்பவர்கள் கிரைண்டரை முதலில் வாங்கலாம். சட்டகம் மட்டும் உதிரியாக வாங்கி, பழைய மோட்டார் ஒன்றைப் பொருத்தி நீங்களே கூட்டினால் செலவு கணிசமாகக் குறையும். அப்படியே வாங்கினாலும், முதல் வருடத்துக்கு ஆகும் பெல்ட் பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் எந்த இயந்திரம் வருமோ அதை வாங்குங்கள்.